வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை

உறுவையாறு
12.06.2023

திரு. குமரவேல் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. எட்டு வருஷமாக அண்ணா என்று கூப்பிட்ட வாய்க்கு இன்று அந்த வார்த்தையும் வரவில்லை. உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்துவிட்டேன். பேசினால் கத்திவிடுவேன். நான் கத்தினால் ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

பாகூர் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் மருந்துக் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். நம்முடைய சாயக் கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகிறது. இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. லைசென்ஸைப் பார்த்தார்கள், திருப்தி. முன்பு வேலை பார்த்த இடத்தில் என்னைத் தெரிந்த ஒருவருடைய பெயரும் நம்பரும் கொடுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் தருகிறோம் என்றார்கள். ஷிஃப்ட் இன்சார்ஜாக எனக்கு மேலே இருந்தவர் நீங்கள். யோசிக்கவே இல்லை, உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சனிக்கிழமை ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது அந்தக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி நேரிலேயே கேட்டேன். ஆபீசில் இருந்த பெண் நல்ல பெண்தான். தயங்கித் தயங்கித்தான் சொன்னது.

"உங்க ரெஃபரன்ஸ் சார் அரை மணி நேரம் பேசினாருண்ணா. உங்க வைஃப்புக்கு இதயத்துல வால்வு கோளாறு, ரெண்டு கொழந்தையும் தங்கல, மாசத்துல பாதி நாளு ஆஸ்பத்திரின்னு சொல்லி அழுதுட்டாரு. பாய்லர் ஆளு திடீர்னு லீவு போட்டா பிளான்ட்டே நின்னுடும்ல? வேற ஒருத்தர எடுத்துட்டாங்க."

ஸ்டெல்லா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குள் வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "என்னாலதான் போச்சு, இல்ல?" என்றாள். நான் இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

அவளைப் பற்றி நான் உங்களிடம் சொன்னதெல்லாம் கேன்டீனில் மனசு தாங்காமல் சொன்னது. ஊராரிடம் எடுத்துச் சொல்வதற்காகச் சொன்னதில்லை. என் வயிற்றில் அடித்துவிட்டீர்கள்.

பிரிட்டோ

ஏம்பலம்
18.06.2023

தம்பி பிரிட்டோவுக்கு,

திரு. போட்டு எழுதிவிட்டாய். கவரைப் பிரித்து அந்த ஒரு வரியைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி ருக்குமணி என்ன லெட்டர், யார் போட்டது என்று துருவித் துருவிக் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டிலிருக்கும் உன் அத்தை காசம்மாள் உன் வாசலில் நின்றுகொண்டு நீ இல்லை என்றார்கள். உன் செருப்பும் வண்டியும் அங்கேதான் இருந்தன. அப்படியே திரும்பிவிட்டேன். எட்டு வருஷத்தில் உன் தெருவுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை என்று பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

நான் என்னடா தப்பாகச் சொல்லிவிட்டேன்? பொய் சொன்னேனா? நம் பக்கத்தில் ஒருவனுக்கு வேலை கேட்கப் போனால் முதலில் எதைச் சொல்வோம்? எம்.எல்.ஏ வீட்டு வாசலில் மனுவோடு நிற்கிற அத்தனை பேரும் எதைச் சொல்கிறார்கள்? அப்பா இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்கு இருக்கிறாள், அம்மா படுக்கையில் கிடக்கிறாள், பார்த்துச் செய்யுங்கள் என்றுதானே? கேட்கிறவன் மனசு இளக வேண்டும் என்றுதானே? என் மச்சானுக்குப் பஞ்சாயத்தில் வேலை கேட்டபோதும் நான் அப்படித்தான் பேசினேன். கிடைத்தது. உனக்கும் அப்படித்தான் பேசினேன். பேசப் பேச எனக்கே தாங்கவில்லை, அழுதுவிட்டேன். நடிக்கவில்லையடா.

அந்தப் பெண் உம் உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மனசு இளகிவிட்டது, வேலை உறுதி என்று நான் நினைத்தேன். போனை வைத்ததும் ருக்குமணியிடம், பிரிட்டோவுக்கு ஆர்டர் வந்துவிடும் என்றே சொன்னேன். கம்பெனிக்காரர்கள் கணக்கு வேறு என்று எனக்கு யார் சொன்னது?

வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் எங்கள் கரும்புக் கொல்லையில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வாயேன். உனக்கில்லாததா? கோபத்தை விடு.

குமரவேல்

உறுவையாறு
25.06.2023

திரு. குமரவேல் அவர்களுக்கு,

கரும்புக் கொல்லைக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. என் அப்பா உங்கள் ஊர்க் கொல்லைகளில் முப்பது வருஷம் கரும்பு வெட்டினார். நான் அதிலிருந்து வெளியே வரத்தான் ராப்பகலாகப் படித்து பாய்லர் லைசென்ஸ் எடுத்தேன். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அழுதீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் அரை மணி நேரத்தில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? எட்டு வருஷம். ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட ஆள் மாற்றிவிட்டுத்தான் போனேன். என் ஷிஃப்டில் ஸ்டீம் குறைந்து சாயம் கெட்டது என்று ஒரு புகார் உண்டா?

அதெல்லாம் போகட்டும். அந்த மத்தியானத்தைச் சொல்லியிருக்கலாமே. பம்ப் நின்று, பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடி காலியாகிக் கிடந்த அன்றைக்கு. தண்ணியை விடு, தண்ணியை விடு என்று நீங்கள் கத்தினீர்கள். காய்ந்து பழுத்துக் கிடக்கிற பாய்லரில் பச்சைத் தண்ணீரை விட்டால் அது வெடிக்கும். நான் விடவில்லை. நெருப்புக்குக் காற்று ஊதுகிற காற்றாடியை நிறுத்தி, எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, ஷெட்டில் இருந்த இருபத்திரண்டு பேரையும் வெளியே துரத்தினேன். நீங்கள் என்னை எல்லார் முன்னாலும் திமிர் பிடித்தவனே என்று திட்டினீர்கள். அதோடு வேறொரு வார்த்தையும் சொன்னீர்கள். அதை இங்கே எழுத மாட்டேன். நான் அதை அன்றைக்கே விழுங்கிவிட்டேன்.

இங்கே வேறு வேலை இல்லை. கேட்காத இடம் பாக்கி இல்லை. ஓசூருக்குப் போகிறேன். ஸ்டெல்லாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றுதான் பாகூர் ரோட்டு வேலைக்கு அவ்வளவு அலைந்தேன். அங்கே வேலை என்றால் இருபது நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். இனி ஏழு மணி நேரம்.

பிரிட்டோ

ஏம்பலம்
03.07.2023

தம்பிக்கு,

நான்கு பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. மறக்க முடியுமா? நீ சொன்னதுதான் சரி என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஆபரேட்டர் மட்டும் இல்லை என்றால் இன்றைக்கு எத்தனை பிணம் என்று கேட்டார். நான் ரிஜிஸ்டரில் பாய்லர் நின்றதற்குக் காரணம் கரண்ட் கட் என்று எழுதிவிட்டு வந்தேன். உன் பெயர் அதில் இல்லை. உனக்கு மேனேஜர் கையால் ஒரு பாராட்டாவது கிடைத்திருக்க வேண்டியது. நான்தான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் போனில் என்னிடம் கேட்டதடா. "அவரு வேலையில ஒரு நல்ல சம்பவம் சொல்லுங்க சார்" என்று. எனக்கு அந்த மத்தியானம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உடனே உன் கஷ்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது. நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

முந்தாநாள் பாகூர் ரோட்டுக் கம்பெனிக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் பாய்லர் விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கேட்டுவிட்டு, முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் என்றது. ஆள் எடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லையாம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றேன்.

குமரவேல்

ஓசூர்
20.08.2023

குமரவேல் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஸ்டெல்லாதான் போனில், "தப்ப ஒத்துக்கினாரே, அப்புறம் இன்னா? பதில் போடு" என்றாள். அவளுக்காக அண்ணா என்று எழுதுகிறேன். உங்கள் நம்பரையும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், அவசரம் என்றால் கூப்பிடலாம்.

இங்கே ஒரு ரப்பர் கம்பெனி. ஆறு பேர் ஒரே ரூமில் இருக்கிறோம். குளிர் அதிகம். தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் லீவு போடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். நிரந்தரம் ஆனால் ஸ்டெல்லாவை இங்கேயே அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம், வால்வு ஆபரேஷனுக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் உண்டு. இதை நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இவர்களும் ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். கம்பெனி மூடியதும் மேனேஜர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார், நம்பர் கிடைக்கவில்லை. என் வேலையைக் கண்ணால் பார்த்தவர் என்று சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. வேறு வழி இல்லாமல் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் கூப்பிடுவார்கள்.

வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஸ்டெல்லா என்ற பேச்சே எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

முடிந்தால் அவளை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். இந்தத் தடவை காசம்மாள் அத்தை வாசலில் நிற்காது.

பிரிட்டோ

ஏம்பலம்
01.09.2023

தம்பி பிரிட்டோவுக்கு,

அண்ணா என்று மறுபடியும் எழுதினாயே, அது போதும்.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். கன்னடம் கலந்த தமிழில் ஓர் அதிகாரி பேசினார். நான் ஒரு பேப்பரில் எல்லாவற்றையும் எழுதிக் கையில் வைத்திருந்தேன். லேட் இல்லை, புகார் இல்லை, லைசென்ஸ், எல்லாம் சொன்னேன். பிறகு அந்த மத்தியானத்தைச் சொன்னேன். நான்தான் தண்ணீர் விடச் சொன்னேன், அவன்தான் விடாமல் தடுத்தான், அவனால்தான் நான் உயிரோடு உங்களிடம் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார் அவர்.

கடைசியில் கேட்டார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அடிக்கடி லீவு கேட்பாரா என்று. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை சார் என்றேன். எழுதிக்கொண்டார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இழுத்தது. ஆனால் நீ கேட்டது அதுதானே?

நேற்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன். காசம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். உன் பொண்டாட்டி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். உன்னைப் பற்றித்தான் ஓயாமல் பேச்சு. நன்றாக இருக்கிறாள். கவலைப்படாமல் வேலையைப் பார்.

குமரவேல்

உறுவையாறு
02.12.2023

குமரவேல் அண்ணாவுக்கு,

வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அவள் புடவை கொடியில் கிடக்கிறது. அத்தை எடுக்கப் போனபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

அடக்கத்தன்று நீங்கள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள்மேல் கோபமில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமையே அத்தை போன் செய்தது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே இருக்கிறாள், கால் இரண்டும் வீங்கிவிட்டது என்று. நான் நேரே ஆபீசுக்குப் போய் லீவு கேட்டேன். என் மனைவிக்கு இதய நோய், சீரியஸ் என்றேன். அந்த அதிகாரி ஃபைலைத் திறந்தார். உங்களிடம் பேசியதை எழுதி வைத்திருந்த பக்கம் அது.

"வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்லன்னு உங்க ஆளே சொல்லியிருக்காரு. புதுசா வர்றவங்க மழைக்காலம் வந்தா சொல்ற காரணந்தான் இது. வியாழக்கிழமை மாத்து ஆளு வருவான், அப்ப போங்க" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. பேப்பரில் இருந்ததை நம்பினார்.

எல்லாவற்றையும் விட்டெறிந்துவிட்டு அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். வெளியே வந்து ஸ்டெல்லாவுக்குத்தான் போன் செய்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "வேலைய வுட்டுட்டு வந்துடாத. ஒரு தடவ என்னால போனது போதும். நான் நல்லாத்தான் கீறேன்." நான் அதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பாய்லர் முன்னால் நின்று வியாழக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது, அது கேட்டில் உள்ள லாக்கரில் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் நீங்கள் கூப்பிட்ட பதினோரு தடவையும் அதற்குள்தான் அடித்திருக்கிறது.

கடைசியில் அவள் ஏதாவது சொன்னாளா? அத்தைக்குத் தெரியவில்லை. வண்டியில் கூட இருந்தது நீங்கள்தான்.

பிரிட்டோ

ஏம்பலம்
06.12.2023

பிரிட்டோவுக்கு,

உன்னிடம் இனி எதையும் மறைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் நான் பார்த்தபோதே அவள் காலில் வீக்கம் இருந்தது. டீ டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு எழுதினால் நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுங்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எழுதினேன். முதலில் சொல்லக் கூடாததைச் சொன்னேன், பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இரண்டு தடவையும் நல்லது செய்வதாகவே நினைத்தேன். என் வாயில் தீயை வைக்க.

புதன்கிழமை காசம்மாள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் மச்சானைக் கார் ஓட்டச் சொல்லிக் கூட ஓடினேன். நல்ல மழை. காசம்மாள் துணிமணி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஆட்டோவில் வருவதாகச் சொன்னார்கள். பின் சீட்டு முழுக்க ஸ்டெல்லாவைச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. நான் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். வில்லியனூர் தாண்டும் வரை பேசினாள்.

"அவருக்கு வேல பெர்மனென்ட்டு ஆயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள்.

ஆயிடுச்சும்மா என்றேன். இன்னும் மூன்று மாதம் பாக்கி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அப்படியென்றால் இனி லீவு தருவார்கள், இப்போது கூப்பிடுங்கள் என்றாள். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் போனதும்தான் அவள் உன்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். நீ என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

குமரவேல்

உறுவையாறு
19.02.2024

அண்ணா,

உங்கள் கடிதத்தை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என்னைக் கேட்டாள் என்று தெரிந்ததே எனக்குப் போதும். நான் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாளோ என்றுதான் தூங்காமல் கிடந்தேன். வருவேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் பொய்க்காக உங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஓசூருக்குத் திரும்பப் போகவில்லை. போய் என்ன செய்ய?

முந்தாநாள் பாகூர் ரோட்டுக் கம்பெனியிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டது. அவர்கள் எடுத்த ஆள் துபாய்க்குப் போய்விட்டானாம். நீங்கள் ஜூலையில் வந்து சொன்ன பாய்லர் விஷயத்தை அது குறித்து வைத்திருந்திருக்கிறது. இப்போது வந்து சேர முடியுமா அண்ணா, வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்டது. என் ரெஃபரன்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வேலைக்குப் போகத்தான் போகிறேன். வீட்டில் பகலைத் தள்ள முடியவில்லை. இருபது நிமிஷ வழி. அவளுக்காகத் தேடின வேலை.

இந்த வாரக் கடைசியில் உங்களைக் கூப்பிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் இந்தத் தடவை நீங்கள் எதையும் கூட்ட வேண்டாம், எதையும் மறைக்க வேண்டாம். லீவு கேட்க மாட்டான், வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லுங்கள்.

பிரிட்டோ